முதலிடம் பிடித்த குரல், உறையில் இல்லாத பெயர்

சி அண்ட் சி மியூசிக் ஃபேக்டரி என்ற பெயர் ஞாபகம் இல்லாதவர்கள்கூட அந்தப் பாட்டைக் கேட்டிருப்பார்கள். விளையாட்டு மைதானம், விளம்பரம், சினிமா என்று எங்கும் ஒலித்த பாட்டு. முழுத் தலைப்பு 'கானா மேக் யூ ஸ்வெட்'. அடைப்புக்குறிக்குள் உள்ள 'எவ்ரிபடி டான்ஸ் நவ்' தான் ஊருக்கெல்லாம் தெரிந்த பெயர்.

ராபர்ட் கிளிவில்லஸ், டேவிட் கோல் என்ற இரண்டு நியூயார்க் தயாரிப்பாளர்களின் குழு இது. 1990 கடைசியில் வெளியான இந்த சிங்கிள் 1991 பிப்ரவரியில் அமெரிக்காவின் பில்போர்டு ஹாட் 100 பட்டியலில் முதலிடத்துக்கு வந்து இரண்டு வாரம் அங்கேயே இருந்தது. ஜெர்மனியிலும் முதலிடம், பிரிட்டனில் 3-ம் இடம். 1991-ன் ஆண்டு இறுதிப் பட்டியலிலும் 3-ம் இடம். டிஸ்கோ செத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்த அமெரிக்க வானொலிக்கு இது பெரிய விஷயம்தான்.

வீடியோவில் அறையே அதிரப் பாடுவது செல்மா டேவிஸ் என்ற ஒல்லியான இளம்பெண். உண்மையில் அந்தக் குரல் மார்த்தா வாஷுடையது! 1982-ல் 'இட்ஸ் ரெய்னிங் மென்' பாடிய வெதர் கேர்ள்ஸ் இருவரில் ஒருவர். பருமனான உடல்வாகு கொண்டவர். ஸ்டூடியோவில் ஒருமுறை சம்பளம் வாங்கிக்கொண்டு பாடியதை, உறையில் பெயர் போடாமல் பயன்படுத்திவிட்டார்கள். இது முதல் தடவையும் இல்லை. 1990-ல் ஹாட் 100-ல் 8-ம் இடம் வரை போன பிளாக் பாக்ஸ் குழுவின் 'எவ்ரிபடி எவ்ரிபடி'யும் அவர் குரல்தான். அதில் வாயசைத்தது கத்ரீன் கினோல் என்ற மாடல்.

1990 நவம்பரில் மில்லி வனில்லி குழுவின் வாயசைப்பு அம்பலமாகி, அவர்களின் கிராமி விருதே பறிக்கப்பட்டிருந்தது. அடுத்த மாதமே வாஷ் வழக்குப் போட்டார். (செல்மாவைப் பாடத் தெரியாதவர் என்று நினைத்துவிட வேண்டாம். குழுவின் அடுத்த ஹிட்டான 'ஹியர் வீ கோ'வில் அவர் சொந்தக் குரலில் பாடி, அது 3-ம் இடம் பிடித்தது. அப்புறம் எதற்கு இந்த ஏமாற்று என்றுதான் புரியவில்லை.)

பட்டியல் தயாரிப்பவர்களைக் குறை சொல்லவும் முடியாது. கடைகளில் எத்தனை விற்றது, வானொலியில் எத்தனை முறை போட்டார்கள் என்பதுதான் அப்போது அவர்கள் கணக்காக இருந்தது. குழுவின் பெயருக்கு எதிரே '1' என்று போடுவார்கள். யார் பாடியது என்பதற்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

1994-ல் வழக்கு சமரசத்தில் முடிந்தது. குரல் வாஷுடையது, திரையில் தோன்றுவது டேவிஸ் என்று வீடியோவில் குறிப்புப் போடும்படி சோனி நிறுவனம் எம்டிவியைக் கேட்டுக்கொண்டது. பிளாக் பாக்ஸ் தகராறில் கிடைத்த சமரசமோ வாஷுக்கு ஒரு தனி ஒப்பந்தத்தையே வாங்கித் தந்தது. அதில் வந்த 'கேரி ஆன்' 1992-ல் பில்போர்டின் நடனப் பட்டியலில் முதலிடம். 1994-ல் அதே சி அண்ட் சி குழு அவரை மறுபடி பாட அழைத்தது. 'டூ யூ வான்னா கெட் ஃபங்கி' என்ற அந்தப் பாட்டும் நடனப் பட்டியலில் முதலிடம் பிடித்தது. இந்த முறை உறையில் மார்த்தா வாஷ், செல்மா டேவிஸ் இரண்டு பெயரும் இருந்தன.