மலையேற்றமும் மார்வலியும்

ராகலையைச் சூழ்ந்த தேயிலை மலைகளில் ஏற்றமில்லாத வழி அரிது. லயத்தினின்று பிரட்டுக்களத்துக்கும், அங்கிருந்து கொழுந்து மலைக்கும், நிறைந்த கூடையுடன் நிறுவைக்கும் ஏறியும் இறங்கியும் செல்வதே இங்கு அன்றாட வாழ்வு. அவ்வாறு ஏறுகையில் நடுவழியில் மார்பு இறுகுகிறது. சற்று நின்றால் தணிந்துவிடுகிறது. தணிந்துவிடுவதாலேயே அது பொருட்படுத்தப்படுவதில்லை. ‘வாய்வு’ என்று சொல்லிச் சுக்குத் தண்ணீர் குடித்துவிட்டு மறுநாளும் கூடையை எடுப்போர் உண்டு. இன்று நான் கூறப்போகும் வரலாறு இந்த இறுக்கத்தைப் பற்றியது.

1768ஆம் ஆண்டில் லண்டன் மாநகரில் வில்லியம் ஹெபர்டன் என்னும் வைத்தியர், தம் தோழர்களாகிய வைத்தியர் சபையின் முன் ஒரு கட்டுரை படித்தார். அது 1772இல் அச்சேறியது. நடக்கும்போது, அதிலும் மேட்டில் ஏறும்போது, உண்டபின் நடந்தால் இன்னும் விரைவாக, மார்பில் ஒரு வேதனை தோன்றுகிறது. நின்ற மாத்திரத்தில் அது மறைகிறது என்று அவர் எழுதினார். கருவி எதுவும் அவரிடம் இல்லை. நோயாளியின் வாய்மொழியைப் பொறுமையாகக் கேட்டதொன்றே அவர் செய்தது. ஆயினும், மேட்டையும் ஓய்வையும் ஒருங்கே வைத்து அவர் கண்ட இலக்கணம் இன்றளவும் மாறவில்லை.

காரணத்தை ஹெபர்டன் அறிந்தாரல்லர். பெயர்பெற்ற சத்திரவைத்தியர் ஜான் ஹன்டர் 1793இல் மருத்துவமனைக் கூட்டமொன்றில் வாக்குவாதத்தின்போது வீழ்ந்து இறந்தார். அவரது உடலைச் சோதித்தபோது, இருதயத்துக்கே இரத்தம் ஊட்டும் நாடிகள் தடித்து இறுகியிருக்கக் கண்டனர். அவருடைய மாணவரான எட்வர்ட் ஜென்னர், அதாவது பின்னாளில் அம்மைப்பால் தந்த அதே ஜென்னர், நோயின் வேர் அந்நாடிகளே என முன்னரே ஐயுற்றிருந்தார்.

இதை நம் தோட்டத்துப் பீலியைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். குழாயில் அடைப்பு விழுந்து நீர் மெலிந்து ஒழுகினாலும், ஒரு குடம் வைத்தால் மெல்ல நிறையும், குறை தெரியாது. காலையில் இருபது குடங்கள் வந்து சேரும்போதுதான் பீலியின் வறுமை வெளிப்படும். இருதயமும் அவ்வாறே. ஓய்விலிருக்கையில் குறுகிய நாடி போதுமானது. மேடேறும்போது துடிப்பு விரைகிறது, இரத்த அழுத்தம் உயர்கிறது, இருதயத் தசை கூடுதல் இரத்தம் கேட்கிறது. நாடியால் கொடுக்க இயலவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹாலந்து நாட்டு லைடன் நகரில் வில்லெம் ஐந்தோவன், இருதயத்தின் மின்னோட்டத்தைக் கோடாக வரையும் கருவியை அமைத்தார். இருகைகளையும் ஒரு காலையும் உப்புநீர்த் தொட்டிகளில் அமிழ்த்தி மனிதர் அமர்ந்திருப்பர். அதற்காக 1924இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. ஆனால் அமர்ந்தவர் அல்லது படுத்தவர் இருதயத்தையே கருவி வரைந்தது. மேட்டில் மட்டும் வரும் நோய், கட்டிலில் கிடக்கையில் எவ்வாறு தன் முகத்தைக் காட்டும்? ‘ஈ.சி.ஜி. நன்றாயிருக்கிறது’ என்ற சொல்லோடு வீடு திரும்பியோர் உலகெங்கும் பலர்.

1928இல் அமெரிக்காவில் பைல், சீகல் என்னும் இருவர் நோயாளிகளை உடற்பயிற்சி செய்வித்து, வலி வரும் வேளையில் கோட்டைப் பதிவு செய்தனர். கோட்டின் ஒரு பகுதி சமநிலையினின்று கீழே தாழ்ந்தது. வலி தணிந்ததும் மீண்டது. வலியை வலிந்து வருவிப்பதா என்ற அச்சம் வைத்தியரிடையே எழாமலில்லை. அவ்வச்சத்தில் நியாயமும் இருந்தது.

இவ்வரலாற்றில் என் மனத்துக்கு மிக நெருங்கியவர் நியூயார்க்கு வைத்தியர் ஆர்தர் மாஸ்டர். 1929இல் அவரும் எனிட் ஓப்பன்ஹைமரும் வகுத்த சோதனைக்கு வேண்டியவை ஒன்பது அங்குல உயரமுள்ள இரண்டு படிகள் மாத்திரமே. ஒருபுறம் ஏறி மறுபுறம் இறங்கித் திரும்ப வேண்டும்; வயது, எடை, ஆண் பெண் என்னும் வேறுபாடு ஆகியவற்றுக்கேற்ப எத்தனை முறை என்பதற்கு அட்டவணை உண்டு. முதலில் அவர் பார்த்தது நாடித்துடிப்பும் இரத்த அழுத்தமுமே. மின்வரைபடத்தை இதனுடன் இணைத்தது 1940களின் தொடக்கத்தில். தச்சன் ஒருவன் அரைநாளில் செய்து தரக்கூடிய பொருள், உலக மருத்துவமனைகளில் பல ஆண்டுகள் ஆட்சி செய்தது.

அதன் குறை, படியேறி முடித்தபின்பே கோடு வரையப்பட்டதாகும். அத்துடன், ஆற்றல் மிக்கோருக்கு அது எளிது, மெலிந்தோருக்குக் கடிது. அமெரிக்காவின் சியாட்டில் நகர வைத்தியர் ராபர்ட் புரூஸ் ஓடும் பட்டையாகிய ட்ரெட்மில்லைக் கையாண்டார். (அப்பெயர் முதலில் 1818ஐ ஒட்டி இங்கிலாந்துச் சிறைகளில் கைதிகளை மிதிக்க வைத்த சக்கரத்துக்கு உரியது.) 1963இல் அவர் வெளியிட்ட முறையில், மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் சரிவும் கூடும். முதற்கட்டம் மணிக்கு 1.7 மைல், நூறடிக்குப் பத்தடி ஏற்றம். நான்காவது கட்டம் 4.2 மைல், பதினாறடி ஏற்றம். நடக்கும்போதே கோடு வரையப்படுகிறது; வைத்தியர் அருகிலிருந்து, கோடு தாழ்ந்தாலோ, அழுத்தம் வீழ்ந்தாலோ உடனே நிறுத்துகிறார். எங்கள் மலைகளின் குறுக்குப் பாதைகள் சில, புரூஸின் நான்காம் கட்டத்தினும் செங்குத்தானவை. அங்கே நிறுத்தச் சொல்பவர் எவருமில்லை.

பெண்களைப் பற்றி ஒரு சொல். ஹெபர்டன் தம் வாழ்நாளில் கண்ட ஏறத்தாழ நூறு நோயாளிகளுள் பெண்கள் மூவரே. அதனால் இது ஆடவர் நோய் என்னும் எண்ணம் நெடுங்காலம் நிலைத்தது. உண்மையில் பெண்களுக்கு இது தோள்வலி, மூச்சிரைப்பு, பெருங்களைப்பு என வேறுருவில் வருவதுமுண்டு. பயிற்சிச் சோதனையின் கோடும் பெண்களிடத்தில் நோயின்றியே தாழ்ந்து ஏமாற்றுவது மிகுதி. கொழுந்து பறிப்போர் பெரும்பாலும் பெண்களாயிருக்கும் இப்பகுதியில் இதை மறத்தலாகாது.

இக்காலத்தில் சோதனையின் மதிப்பும் சற்றுக் குறைந்துள்ளது. பிரித்தானிய வழிகாட்டி 2010இல், புதிய மார்வலியின் காரணத்தைக் கண்டறிய இதனைப் பயன்படுத்தலாகாது என உரைத்தது. நாடிகளையே படம் பிடிக்கும் சி.டி. கருவியும், பயிற்சியின்போது இருதயத் தசையைக் காட்டும் ஒலியலைக் கருவியும் முன்னே வந்துள்ளன. நடக்க முடியாதோருக்கு ஊசி மருந்தால் துடிப்பை விரைவிக்கிறார்கள். ஓய்விலும் விடாத வலியுடையோர்க்கு எப்பயிற்சிச் சோதனையும் ஆகாது. அவர்களை நடக்கவிடாமல் உடனே வைத்தியசாலைக்கு எடுத்துச் செல்ல வேண்டும். ஏற்றத்தில் வந்து நின்றதும் தணியும் வலியுடையோர், தோட்டத்து மருந்துச்சாலையில் ‘வாய்வு’ என்னாது, எந்த இடத்தில் எத்தனை அடி ஏறியபோது வந்தது, நின்றபின் எத்தனை நிமிடத்தில் போனது என்று சொன்னால், வைத்தியர் அதைக் குறித்துக்கொண்டு நுவரெலியாவுக்கோ கண்டிக்கோ அனுப்புவதற்கு அதுவே முதற்சான்றாகும்.