பொன்னாற்றங்கரையில் ஒரு மூட்டை மாவு

ஆசிரியப் பணியில் இருந்த நாளில், வரலாற்று வகுப்பில் நான் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "ஒருவனிடம் பை நிறையப் பொன் இருக்கிறது; ஊரில் மாவு இல்லை. அவன் செல்வனா, வறியனா?" மாணவர்கள் சிரிப்பார்கள். பொன் இருக்குமிடத்திற்கு மாவு தானே வந்து சேரும் என்பது அவர்கள் விடை. அந்த விடை சரிதானா என்பதை வரலாறே ஒருமுறை சோதித்துப் பார்த்தது. சோதனை நடந்த இடம், கனடா நாட்டின் வடமேற்குக் கோடியில் யூக்கான் பேராற்றின் கரையில் உள்ள டாசன் நகரம். காலம், 1897-ஆம் ஆண்டின் இலையுதிர் பருவம்.

டாசனுக்கு அருகில் யூக்கானோடு வந்து கலக்கும் சிற்றாறே கிளாண்டைக். உலகெங்கும் பொன்னுக்குப் பெயர்போன அப்பெயர், உண்மையில் பொன்னைக் குறிப்பதன்று. அங்கே வழிவழியாக வாழ்ந்த ஹான் குடியினர் அவ்வாற்றை 'டிரோண்டெக்' என்றனர். 'சுத்தியற்கல் நீர்' என்பது அதன் பொருள். கடலிலிருந்து ஏறிவரும் சால்மன் மீனைப் பிடிக்க ஆற்றில் கழிகளை நட்டு அடைப்புக் கட்டுவர். அக்கழிகளை அறைந்து இறக்கப் பயன்பட்ட கற்களால் வந்த பெயர் அது. வெளியார் நாவில் அது கிளாண்டைக் எனத் திரிந்தது. உணவால் பெயர் பெற்ற ஆறு அது என்பதை நினைவில் வைத்துக் கொள்ளுங்கள். இதற்கு மீண்டும் வருவோம்.

1896 ஆகஸ்டு மாதத்தில் கிளாண்டைக்கின் கிளையோடை ஒன்றில் பொன் கிடைத்தது. கண்டவர்கள் ஜார்ஜ் கார்மாக் என்பவரும், தாகிஷ் குடியைச் சேர்ந்த ஸ்கூக்கம் ஜிம், டாசன் சார்லி ஆகியோரும் ஆவர். சட்டப்படி ஒருவர் ஓடையோரமாக 500 அடி நீளமுள்ள நிலத்துண்டு ஒன்றைப் பதிவு செய்து கொள்ளலாம். இரண்டு மூன்று பேர் பங்காளிகளாகச் சேர்ந்து, மண்வெட்டியும் வாளியும் கொண்டு கையால் தோண்டிய சிறு சுரங்கங்களே அங்கு நிறைந்திருந்தன. ஆண்டு முழுதும் உறைந்து கிடக்கும் மண்ணாதலால், தீ மூட்டி இளக்கி, இளகிய மண்ணை அள்ளி வெளியே குவிப்பர். வேனில் வந்து ஓடையில் நீர் ஓடிய பின்பே அக்குவியலை அலசிப் பொன்னைப் பிரிக்க இயலும். ஆகவே, குளிர்காலம் முழுதும் தோண்டுபவன் மண்ணைத்தான் சேர்க்கிறான். பொன் பிறகுதான் வருகிறது. அதுவரை அவனுக்கு உணவு வேண்டும். சுரங்கத்தில் இருப்பவனுக்கு உழவும் இல்லை, வேட்டைக்குப் பொழுதும் இல்லை. அங்காடி ஒன்றே அவனுக்குக் கதி.

அந்த அங்காடியோ ஓர் ஆற்றை நம்பி இருந்தது. பசிபிக் கடற்கரைத் துறைமுகங்களிலிருந்து மாவும், பன்றியிறைச்சியும், அவரை விதையும், சர்க்கரையும் கப்பலில் ஏறி யூக்கானின் முகத்துவாரப் பகுதியை அடையும். அங்கிருந்து நீராவிப் படகுகள் ஏறத்தாழ 2,700 கிலோமீட்டர் ஆற்றை எதிர்த்து ஏறி டாசனுக்கு வரவேண்டும். இவ்வணிகத்தைப் பெரும்பாலும் இரண்டே நிறுவனங்கள் நடத்தின. அக்டோபரில் ஆறு உறையத் தொடங்கிவிடும். மே மாதத்தில்தான் பனிக்கட்டி உடையும். கோடையில் இறக்கி வைத்ததே குளிர்காலம் முழுமைக்கும் உணவு.

1897 ஜூலையில் கிளாண்டைக் பொன்னோடு இரு கப்பல்கள் சான்பிரான்சிஸ்கோ, சியாட்டில் துறைகளை அடைந்தன. செய்தி பரவியது. பல்லாயிரவர் வடதிசை நோக்கிப் புறப்பட்டனர். ஆனால் அவ்வாண்டு இலையுதிர் பருவத்தில் யூக்கானில் நீர் குறைந்து, ஆறு பரந்து ஓடும் மேட்டுத்திட்டுகளைப் படகுகளால் எளிதிற் கடக்க முடியவில்லை. கடந்து வந்த படகுகளையோ சர்க்கிள் என்னும் ஊரின் சுரங்கக்காரர்கள் துப்பாக்கியோடு மறித்து, விலை கொடுத்துச் சரக்கின் ஒரு பகுதியை இறக்கிக் கொண்டனர். அவர்களும் பசிக்கு அஞ்சியவர்களே. டாசனுக்கு வந்து சேர்ந்தது போதாத சரக்கு. செப்டம்பர் 30-ஆம் நாள், காவற்படை அதிகாரி சார்லஸ் கான்ஸ்டண்டைன் முதலியோர் அறிவிப்பு ஒன்றை ஒட்டினர்: ஊரில் உள்ள உணவு எல்லாருக்கும் போதாது, குளிர்காலத்திற்குப் போதிய உணவைக் கையில் வைத்திராதவர் உடனே ஊரைவிட்டுச் செல்வதே உய்யும் வழி. நூற்றுக்கணக்கானோர் ஆற்றோடு கீழிறங்கினர். எஞ்சியோர் அளந்து உண்டு குளிர்காலத்தைக் கழித்தனர்.

விலை ஏறினால் சரக்கு வரும் என்பது பொருளியலின் முதற்பாடம். அது பொய்யன்று, ஆனால் வழி திறந்திருக்கும் வரையில்தான் அது மெய். வழி அடைபட்டபின் விலை எத்தனை மடங்கு ஏறினாலும் ஒரு மூட்டை மாவும் கூடுதலாக வருவதில்லை. இருக்கும் மூட்டை யார் கைக்குப் போகும் என்பது மட்டுமே மாறுகிறது. பொன்னால் பனிக்கட்டியை உருக்க முடியவில்லை.

காலங்கடந்த உதவியாலும் பயனில்லை என்பதை அடுத்த நிகழ்ச்சி காட்டியது. டாசன் பட்டினியால் வாடுகிறது என்று கேட்ட அமெரிக்கக் காங்கிரஸ் 1897 டிசம்பரில் 2,00,000 டாலர் ஒதுக்கியது. நார்வே நாட்டில் 539 பனிமான்கள் வாங்கப்பெற்றன. கப்பலிலும் இரயிலிலும் அமெரிக்காவைக் கடந்து, பின்னர் மலைவழியே அவை நடத்திச் செல்லப்பட்டன. வழியில் அவற்றுக்கு ஏற்ற தீனி கிடைக்கவில்லை. 1899 சனவரியில் பயணம் முடிந்தபோது எஞ்சியவை 114. பசித்தவருக்கு உணவு கொண்டுபோன விலங்குகள் தாமே பசியால் மடிந்தன. அதற்குள் டாசனின் நெருக்கடியும் தீர்ந்திருந்தது.

தீர்த்தது எது? பலரும் வெறுத்த ஒரு விதியே அதில் பெரும்பங்கு கொண்டது. 1898-இன் தொடக்கத்தில் கனடாவின் வடமேற்குக் குதிரைக் காவற்படையினர், சில்கூட், வெண்கணவாய் ஆகிய இரு மலைவாயில்களின் உச்சியிலும் காவல் அமைத்தனர். ஓராண்டிற்குப் போதுமான உணவைக் கொண்டுவராத எவரையும் உள்ளே விடுவதில்லை என்பது அவர்கள் விதி. ஏறத்தாழ 1,150 இராத்தல் உணவு என்பது கணக்கு. கூடாரம், கருவிகள் எல்லாம் சேர்ந்தால் ஒரு டன் அளவு சுமை வந்துவிடும். சில்கூட்டின் இறுதி ஏற்றத்தில் விலங்குகள் ஏற இயலாது. பனியில் வெட்டிய படிகளில் ஒருவர் பின் ஒருவராக, முதுகில் சுமையோடு ஏறி, இறக்கி வைத்துவிட்டு மறுபடி கீழே வரவேண்டும். ஒரு மனிதன் தன் உணவை மேலே சேர்க்க இருபது, முப்பது முறை ஏறினான். அவ்வழியில் 1898 ஏப்ரல் 3-ஆம் நாள் நேர்ந்த பனிச்சரிவு அறுபதுக்கு மேற்பட்டோரைக் கொன்றது. விதி கடுமையானதுதான். ஆனால் மே மாதக் கடைசியில் ஏரிப்பனி உடைந்தபோது, ஏறத்தாழ 7,000 படகுகள் உணவு மூட்டைகளோடு டாசனை நோக்கி மிதந்தன.

பிறகு நடந்தது வியப்பானது. வந்தவர்களுள் பெரும்பாலோர்க்குப் பொன் நிலம் கிடைக்கவில்லை. நல்ல ஓடைகளெல்லாம் முன்பே பதிவாகிவிட்டன. ஊர் திரும்பக் கட்டணம் வேண்டும். ஆகவே ஆற்றங்கரை மணலில் கூடாரமடித்துத் தாம் சுமந்து வந்த மாவையும், பன்றியிறைச்சியையும், கருவிகளையும் விற்கத் தொடங்கினர். முந்தைய ஆண்டு வெறுமையாய்க் கிடந்த டாசன் அங்காடி நிரம்பியது. தனித்தனி மனிதர் முதுகில் ஏறிவந்த சுமையே ஊருக்குக் களஞ்சியம் ஆயிற்று.

வயிறு நிறைவது மட்டும் உணவுப் பாதுகாப்பு ஆகாது. காய்கறியும் புத்திறைச்சியும் இன்றி மாவையும் உப்பிட்ட இறைச்சியையுமே உண்டவர்களைச் சொறிகரப்பான் நோய் பற்றியது. பின்னாளில் புகழ்பெற்ற எழுத்தாளரான ஜாக் லண்டன் 1898-இல் இந்நோயோடுதான் கிளாண்டைக்கை விட்டு வெளியேறினார்.

இனி, தொடக்கத்தில் சொன்ன ஹான் குடியினருக்கு வருவோம். கிளாண்டைக் முகத்திலிருந்த அவர்களுடைய மீன்பிடி இருப்பிடம் வந்தேறிகளால் நிறைந்தது. காடு விறகாயிற்று. காட்டுமானும் கரிபு மானும் சுரங்க ஊருக்கு இறைச்சியாயின. தலைவர் ஐசக் தம் மக்களை ஆற்றின் கீழ்ப்புறம் சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள மூஸ்ஹைடு என்னும் இடத்திற்கு அழைத்துச் சென்றார். டாசனின் உணவுக் கணக்கை எழுதியோர் மாவு மூட்டைகளை எண்ணினர். இம்மக்கள் இழந்த மீனை எண்ணவில்லை. அவர்களுடைய அடைப்புக் கழிகள் நின்ற இடம் உட்பட, டிரோண்டெக்–கிளாண்டைக் பகுதியை 2023-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது.

மாணவர்களே, இது பழங்கதை என்று எண்ண வேண்டா. உலக வங்கியின் 2020-ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ 80 நாடுகளில் நான்கரைக் கோடி மக்கள் சிறு சுரங்கத் தொழிலில் ஈடுபட்டுள்ளனர். அவர்களுள் பலர் உழவையும் கைவிடாதவர்கள். மழை நாளில் வயல், வெயில் நாளில் குழி என வாழ்வோரும் உண்டு. பொன்னைப் பிரிக்கப் பயன்படும் பாதரசம் ஆற்றில் கலந்து மீன் வழியே மனிதர் உடலுள் புகுகிறது. இதனைக் கட்டுப்படுத்தவே 2013-இல் மினமாட்டா உடன்படிக்கை ஏற்கப்பெற்று, 2017-இல் நடைமுறைக்கு வந்தது. ஆற்று மீனை உண்டு வாழ்வோர் கணக்கில் விடுபடுவது இன்றும் நடக்கிறது.

ஆகவே, ஒரு சுரங்க ஊரைப் பற்றிப் படிக்கும்போது, அங்கே எவ்வளவு பொன் எடுத்தார்கள் என்று மட்டும் கேட்காதீர்கள். உணவு எவ்வழியே வந்தது, அவ்வழி ஆண்டில் எத்தனை நாள் திறந்திருந்தது, களஞ்சியம் யார் கையில் இருந்தது, முன்பு அங்கே உண்டு வாழ்ந்தவர் என்ன ஆயினர் என்றும் கேளுங்கள். பை நிறையப் பொன்னோடு நின்ற அந்த மனிதன் செல்வனா வறியனா என்பதற்கு, அப்பொழுதுதான் உங்களால் விடை சொல்ல இயலும்.