மண்டை எரிச்சலும் விளக்கெண்ணெயும்

தர்மபுரியிலிருந்து இண்டூர், பென்னாகரம் வழியாகப் போகும் சாலை ஒகேனக்கல்லில் முடிகிறது. அங்கே அருவிக்கரையில் எண்ணெய் தேய்த்துவிடுவதையே பிழைப்பாகக் கொண்டவர்கள் உண்டு. சுற்றுலா வருபவர்களுக்கு அது வேடிக்கை. ஆனால் மண்டை எரிகிறது, மயிரைத் தொட்டாலே வலிக்கிறது என்று ஒருவர் சொன்னால், தோலில் ஒரு புள்ளி இல்லாவிட்டாலும் அதை நம்பி, சூடு ஏறிவிட்டது என்று உச்சியில் விளக்கெண்ணெய் வைக்கிற வழக்கத்தோடு சேர்ந்தது அந்தத் தொழில். சூடு என்ற காரணம் தவறு. அதற்காக வழக்கத்தையே மூடத்தனம் என்று தள்ளிவிட முடியாது.

இந்த வழக்கம் மானாவாரி மண்ணில் தழைத்ததில் வியப்பில்லை. 1965இல் தர்மபுரி பிரிந்துவந்த பழைய சேலம் மாவட்டம் ஆமணக்குச் சீமை. இன்றைக்கும் ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் சேலத்து ஏத்தாப்பூரில்தான் இருக்கிறது. கொட்டையை வறுத்து இடித்துத் தண்ணீரில் கொதிக்கவைத்தால் விளக்கெண்ணெய் மிதக்கும், வழித்தெடுக்கலாம், செக்குகூட வேண்டாம். தேய்த்ததை எடுக்க உசிலை இலையை உலர்த்திப் பொடித்த அரப்பு. எண்ணெய்க் குளியல் வசதி படைத்தவர்களின் சொகுசுதானே என்று கேட்கலாம். சான்று முதலில் அப்படித்தான் காட்டுகிறது: 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழன் காலத்துத் திருமுக்கூடல் கல்வெட்டு, வேதம் படிக்கும் மாணவர்களின் சனிக்கிழமைக் குளியலுக்கு எண்ணெய் ஒதுக்குகிறது. அதே கல்வெட்டு 15 படுக்கை கொண்ட ஆதுலர் சாலைக்கு, அதாவது மருத்துவமனைக்கு, சொல்லும் மருந்துகளில் ஆமணக்கெண்ணெய் சேர்ந்த தைலமும் உண்டு. கோயிலில் அது நிவந்தம்; மேட்டுக்காட்டிலோ கொல்லையில் விளைந்த கொட்டையே போதும்.

மருத்துவம் இந்த எரிச்சலுக்குத் தனி இடம் கொடுத்தது வெகு பிந்தித்தான். 1998இல் அமெரிக்காவில் ஹாஸ், சீகல் என்ற இரு தோல் மருத்துவர்கள், தலைத்தோலில் காரணம் தெரியாத வலியும் எரிச்சலும் கொண்ட 11 பெண்களைப் பற்றி எழுதினார்கள். குறைந்த அளவு மனச்சோர்வு மருந்தில் 9 பேருக்குக் குணம் தெரிந்தது. 2013இல் வந்த இன்னொரு ஆய்வு இத்தகையவர்களில் பலருக்குக் கழுத்தெலும்பில் கோளாறு இருந்ததைக் காட்டியது. அதாவது எரிவது தோலல்ல, நரம்பு. எண்ணெய் தேய்க்கிற கை உச்சியோடு நிற்பதில்லை. பிடரி, தோள் வரை இறங்கிப் பிடித்துவிடுகிறது. பலன் கிடைத்தவர்களுக்கு எண்ணெயைவிட அந்தப் பிடிதான் உதவியிருக்கும் என்பது என் கணிப்பு.

பொடுகு மண்டைக்கு எண்ணெய் கேடு என்று தோல் மருத்துவர்கள் மறுப்பார்கள். சரிதான், அந்தப் பூஞ்சை எண்ணெய்ப் பசையைத் தின்றே வளர்கிறது. ஆனால் அங்கே செதில் உதிர்கிறது, தோல் சிவக்கிறது. கண்ணுக்குத் தெரியும் நோய் அது. இதைவிட வலுவான மறுப்பு, இந்த வழக்கம் எல்லா எரிச்சலையும் சூட்டின் கணக்கில் எழுதிவிடுகிறது என்பது. அக்கி வருவதற்குச் சில நாள் முன்பே அந்த இடம் எரியும். கொப்புளம் கண்ட பிறகுதான் காவியால் அக்கி எழுதிக்கொள்ளக் குயவர் வீட்டுக்குப் போவார்கள். ஐம்பது வயதைக் கடந்தவருக்குப் புதிதாகத் தலைவலி வந்து, சீப்புப் பட்டாலே வலித்து, மெல்லும்போது தாடையும் நொந்து, பார்வை மங்கினால் அது ரத்தக்குழாய் அழற்சியாக இருக்கலாம். அன்றே மருத்துவமனைக்குப் போகாவிட்டால் கண் போய்விடக்கூடும். விளக்கெண்ணெய் வைத்து ஒரு வாரம் பொறுத்துப் பார்க்கிற இடமல்ல அது.