மீன் தொட்டியில் மாறிய விளக்கு

மீன் தொட்டிக்கு விளக்கு எதற்கு? மீன்களைக் கண்டு மகிழ மட்டும் என்று எண்ணிவிடாதீர்கள். நீர்த்தாவரங்கள் ஒளிச்சேர்க்கை செய்யவும் ஒளி வேண்டும். 1853இல் லண்டன் விலங்கியல் தோட்டத்தில் திறக்கப்பட்ட மீன் காட்சியகத்துக்குக் கண்ணாடிக் கூரை வழியே பகலொளி கிடைத்தது. வீட்டுத் தொட்டிக்கு அவ்வசதி ஏது?

1938இல் அமெரிக்காவில் குழல் விளக்கு விற்பனைக்கு வந்தது. குண்டு விளக்கைவிட இதில் வெப்பம் குறைவு. ஒளியும் தொட்டியின் நீளம் முழுவதும் பரவும். எனவே மீன் வளர்ப்போர் இதை விரும்பினர். ஆனால் குழலுக்குள் சிறிதளவு பாதரசம் உண்டு. அதன் ஆவி வெளியிடும் புறஊதாக் கதிர்களையே உட்பூச்சு வெள்ளொளியாக மாற்றுகிறது.

பாதரசம் நீரில் கலந்தால் என்னவாகும்? ஜப்பானின் மினமாட்டாவில், இரசாயன ஆலைக் கழிவிலிருந்த பாதரசச் சேர்மம் மீன்களின் உடலில் சேர்ந்தது. அவற்றை உண்டவர்களின் நரம்பு மண்டலம் சிதைந்தது. அந்நோய் 1956இல் கண்டறியப்பட்டது. அவ்வூரின் பெயரால் 2013இல் பன்னாட்டு உடன்படிக்கை ஏற்பட்டது. குழல் விளக்குகளின் உற்பத்தியையும் வணிகத்தையும் 2027க்குள் படிப்படியாக நிறுத்த அதன் உறுப்பு நாடுகள் 2023இல் முடிவு செய்தன.

மாற்றாக வந்த எல்.இ.டி. விளக்கில் பாதரசம் இல்லை. 1962இல் சிவப்பொளி தரும் எல்.இ.டி. உருவானது. நீலம் எளிதில் வசப்படவில்லை. 1990களின் தொடக்கத்தில் அகாசாகி, அமானோ, நகமுரா ஆகியோர் அதில் வெற்றி கண்டனர்; 2014இல் நோபல் பரிசும் பெற்றனர். நீலம் கிடைத்த பின்னரே வெள்ளொளி எல்.இ.டி. பிறந்தது.

நீங்கள் விளக்கை மாற்றும்போது பழைய குழலை உடைக்காதீர்கள். குப்பையில் எறியாமல் மின்கழிவு சேகரிப்போரிடம் ஒப்படையுங்கள். நம் தொட்டி மீனுக்கு ஒளி தந்த குழல், குளத்து மீனுக்கு நஞ்சாகலாமா?