யு-180 (ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல்)

யு-180 இரண்டாம் உலகப் போரின்போது ஜெர்மன் கடற்படையில் பணியாற்றிய நெடுந்தொலைவு நீர்மூழ்கிக் கப்பல். அக்கடற்படையின் ஒன்பதாம் வகை நீர்மூழ்கிகளில் ‘டி1’ பிரிவைச் சேர்ந்தது. 1943-இல் சுபாஷ் சந்திர போஸையும் அவருடைய உதவியாளர் அபித் ஹசனையும் ஜெர்மனியிலிருந்து இந்தியப் பெருங்கடல்வரை கொண்டுவந்து, நடுக்கடலில் ஜப்பானிய நீர்மூழ்கியான ஐ-29 வசம் ஒப்படைத்தது இந்தக் கப்பல்தான்.

தமிழ்நாட்டில் ஜெர்மன் போர்க்கப்பல் என்றதும் எம்டன்தான் நினைவுக்கு வரும். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரியவைத்த கப்பல் அது. அந்தப் பெயர் ஊரெங்கும் பரவியது. யு-180 என்ற எண்ணை அறிந்தவர்கள் மிகச் சிலர். ஆனால் தமிழர் வாழ்க்கையில் ஏற்படுத்திய விளைவை வைத்துப் பார்த்தால், எம்டன் சுட்ட குண்டுகளைவிட யு-180 சுமந்துவந்த பயணியே பெரிய செய்தி.

வடிவமைப்பு

பிரெமன் நகரின் ஏ.ஜி. வேஸர் தளத்தில் 1941 பிப்ரவரியில் கட்டத் தொடங்கிய இக்கப்பல் அதே ஆண்டு டிசம்பரில் நீரில் இறக்கப்பட்டது. 1942 மே 16 அன்று வெர்னர் முஸன்பெர்க்கின் தலைமையில் கடற்படையில் சேர்ந்தது. இதே அமைப்பில் கட்டப்பட்ட இன்னொரு கப்பல் யு-195. டி1 பிரிவில் இந்த இரண்டைத் தவிர வேறு கப்பல் இல்லை.

அட்லாண்டிக் போரில் ஜெர்மனி பெருமளவில் இறக்கிய ஏழாம் வகை சி நீர்மூழ்கியின் நீளம் சுமார் 67 மீட்டர். நீர்மேல் அதன் எடை 769 டன். யு-180இன் நீளம் 87.5 மீட்டருக்குச் சற்று அதிகம், எடை 1,610 டன். மூழ்கிய நிலையில் ஏறத்தாழ 1,800 டன். முன்புறம் நான்கு, பின்புறம் இரண்டு என ஆறு டார்பிடோ குழாய்களும், மேல்தளத்தில் 10.5 சென்டிமீட்டர் பீரங்கியும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும் இருந்தன.

இதன் தனித்தன்மை என்ஜினில் இருந்தது. அக்கால நீர்மூழ்கிகள் நீர்மேல் செல்லும்போது டீசலில் ஓடி, அப்போதே பேட்டரிகளுக்கு மின்னேற்றிக்கொள்ளும். மூழ்கியபின் காற்று கிடைக்காது என்பதால் மின்மோட்டாரில் ஊர்ந்து செல்லும். பொழுதின் பெரும்பகுதி நீர்மேல்தான் கழியும். அங்கே கூடுதல் வேகம் வேண்டும் என்று நினைத்த வடிவமைப்பாளர்கள், வழக்கமான இரண்டு கனரக டீசல் என்ஜின்களை விட்டுவிட்டு, விரைவுப் படகுகளுக்காக மெர்சிடிஸ் பென்ஸ் தயாரித்த இருபது சிலிண்டர் எம்பி 501 என்ஜின்கள் ஆறைப் பொருத்தினார்கள். ஆறும் சேர்ந்து 9,000 குதிரைத்திறன் தந்தன. நீர்மேல் 20.8 நாட் வேகம் கிடைத்தது. ஏழாம் வகைக்குக் கிடைத்தது 17.7 நாட் மட்டுமே. நீருக்கடியில் யு-180ஆலும் 7 நாட்டை எட்ட முடியவில்லை.

காகிதத்தில் இது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சில மணி நேரம் பாய்ந்துவிட்டுத் துறைமுகம் திரும்பும் படகுக்குச் செய்த என்ஜினை, மாதக்கணக்கில் ஓய்வின்றி ஓடவேண்டிய கப்பலில் வைத்தது தவறான முடிவு. என்ஜின்கள் அளவுக்கு மீறிச் சூடேறின. வெப்பமண்டலக் கடலை எட்டியபோது என்ஜின் அறையில் நிற்பதே பெரும்பாடாயிற்று. வெளியேறிய புகையோ தொலைவிலிருந்தே கண்ணுக்குத் தெரிந்தது. ஒளிந்து செல்வதற்காகவே கட்டப்பட்ட கப்பலுக்கு இதைவிடப் பெரிய குறை இருக்க முடியாது. இதே வகையின் டி2 பிரிவில் வழக்கமான பெரிய டீசல்களோடு, சிக்கனமாக ஓட இரண்டு சிறு டீசல்களையும் சேர்த்தார்கள். அந்த ஏற்பாடு வெற்றி பெற்றது.

போஸ் பயணம்

1941 ஜனவரியில் கல்கத்தாவில் வீட்டுக்காவலிலிருந்து தப்பிய போஸ், ஏப்ரலில் பெர்லின் சேர்ந்தார். 1942 மே மாதம் ஹிட்லரைச் சந்தித்ததில் பெரிய பயன் விளையவில்லை. அந்த ஆண்டு பிப்ரவரியிலேயே சிங்கப்பூர் ஜப்பானியர் கைக்குப் போயிருந்தது. அங்கே சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களைக் கொண்டு மோகன் சிங் உருவாக்கிய முதல் இந்திய தேசிய ராணுவம் டிசம்பரில் கலைந்து நின்றது. இந்திய எல்லையை எட்டக்கூடிய படை கிழக்கில் இருந்தது, தலைவரோ பெர்லினில் இருந்தார். தரைவழி அடைபட்டுக் கிடந்தது, வான்வழியும் ஆபத்தானது. மிஞ்சியது கடலடி வழிதான்.

1943 பிப்ரவரி 9 அன்று யு-180 கீல் துறைமுகத்தை விட்டுப் புறப்பட்டது. முந்தைய நாள் போஸ் தன் அண்ணன் சரத்துக்கு வங்காளியில் ஒரு கடிதம் எழுதி வைத்தார். மனைவி எமிலியையும், பிறந்து மூன்று மாதம்கூட ஆகாத மகள் அனிதாவையும் பற்றிய கடிதம் அது. கப்பலில் டார்பிடோக்களுடன் டோக்கியோவிலிருந்த ஜெர்மன் தூதரகத்துக்கான அஞ்சலும், ஜப்பானுக்கான ஆயுதத் தொழில்நுட்ப வரைபடங்களும் இருந்தன. கப்பல் நார்வே கரையோரமாக வடக்கே ஏறி, அட்லாண்டிக்குக்குள் நுழைந்து, ஆப்பிரிக்காவின் தென்முனையைச் சுற்றிக்கொண்டு வந்தது.

உள்ளே வாழ்க்கை எப்படி இருந்தது என்பதை அபித் ஹசன் பின்னாளில் நினைவுகூர்ந்திருக்கிறார். ஹைதராபாத்தைச் சேர்ந்த அவர் ஜெர்மனியில் பொறியியல் படித்துக்கொண்டிருந்தவர். படுக்கை, போர்வை, ரொட்டி என எல்லாவற்றிலும் டீசல் வாடை. கப்பலின் உணவு போஸுக்கு இறங்கவில்லை. சாமான்களைத் துழாவிய ஹசனுக்கு அரிசியும் பருப்பும் கிடைக்கவே, கிச்சடி செய்து கொடுத்தார். போஸ் அதை ஜெர்மன் அதிகாரிகளுக்கும் தாராளமாகப் பங்கிட, கையிருப்பு தீர்ந்துவிடுமே என்று ஹசன் கவலைப்பட்டார். மற்ற நேரமெல்லாம் வேலைதான். போஸ் தன் ‘இந்தியப் போராட்டம்’ நூலைத் திருத்தினார், கிழக்கில் ஆற்றவேண்டிய உரைகளைச் சொல்லச் சொல்ல ஹசன் எழுதிக்கொண்டார். ஒருமுறை கப்பல் பெரும் ஆபத்தில் சிக்கி எல்லோரும் நடுங்கி நின்றபோது, இரண்டு தடவை சொல்லியும் நீ குறித்துக்கொள்ளவில்லையே என்று போஸ் தன்னைக் கடிந்துகொண்டதாக ஹசன் சொல்கிறார்.

ஏப்ரல் 18 அன்று தென்னாப்பிரிக்காவுக்கு அப்பாலான கடலில் யு-180 ‘கார்பிஸ்’ என்ற 8,132 டன் பிரிட்டிஷ் எண்ணெய்க் கப்பலை டார்பிடோவால் தாக்கி மூழ்கடித்தது. அதில் இருந்த 60 பேரில் 50 பேர் மாண்டனர். போஸின் பயணத்தைச் சாகசமாக மட்டும் சொல்லும் கட்டுரைகளில் இந்த 50 பேர் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. அவர்களை விட்டுவிட்டு இந்தப் பயணத்தைச் சொல்வது முறையாகாது.

நடுக்கடல் மாற்றம்

ஐ-29 ஏப்ரல் தொடக்கத்தில் பினாங்கிலிருந்து புறப்பட்டது. இரு கப்பல்களும் ஏப்ரல் 26 அன்று மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே சந்தித்தன. கடல் கொந்தளித்துக் கிடந்ததால் நெருங்க முடியவில்லை. இரண்டும் ஒன்றையொன்று தொடர்ந்து சென்று காத்திருந்தன. ஏப்ரல் 28 அன்று, இரு கப்பல்களுக்கும் இடையே கயிறு கட்டி, ரப்பர் மிதவையில் போஸும் ஹசனும் அலையில் தொப்பலாக நனைந்தபடி ஐ-29ஐ அடைந்தார்கள். எதிர்த்திசையில் இரண்டு ஜப்பானியக் கடற்படை அதிகாரிகள் யு-180க்கு வந்தனர். ஜப்பானிய டார்பிடோக்களும், பெர்லினிலுள்ள ஜப்பானியத் தூதரகத்துக்காகச் சுமார் 2 டன் தங்கக் கட்டிகளும் கூடவே வந்து சேர்ந்தன. அந்தப் போரில் இரு வேறு நாடுகளின் நீர்மூழ்கிகளுக்கிடையே சிவிலியன்கள் இப்படி மாற்றப்பட்டதாக அறியப்படும் நிகழ்வு இது ஒன்றே என்று சொல்லப்படுகிறது.

ஐ-29இல் பினாங்கில் வாங்கிய மசாலாவோடு காரமான குழம்பு காத்திருந்தது. மறுநாள் ஜப்பானியப் பேரரசரின் பிறந்தநாள் வேறு. மே முதல் வாரத்தில் போஸ் சுமத்ராவுக்கு அருகிலுள்ள சபாங்கில் இறங்கி, அங்கிருந்து விமானத்தில் டோக்கியோ போனார். ஜூலை 2 அன்று சிங்கப்பூர் வந்தவர் ஜூலை 4இல் ராஷ் பிகாரி போஸிடமிருந்து இந்திய விடுதலைக் கழகத்தின் தலைமையை ஏற்றார். அக்டோபர் 21 அன்று சுதந்திர இந்தியத் தற்காலிக அரசை அறிவித்தார்.

அவர் பேச்சைக் கேட்கத் திரண்டவர்களில் பெரும் பகுதியினர் மலாயாத் தோட்டத் தமிழர்கள். கங்காணிகள் வழியாக ரப்பர் தோட்டங்களுக்குப் போனவர்களில் பலர் அன்றைய திருச்சி, தஞ்சை, சேலம், வட ஆற்காடு மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். பால்வெட்டிப் பிழைத்தவர்கள் பலர் சிப்பாய்களானார்கள், பெண்கள் ஜான்சி ராணிப் படையில் துப்பாக்கி ஏந்தினார்கள். அந்தப் படைக்குத் தலைமை தாங்கியவர் சென்னையைச் சேர்ந்த மருத்துவர் கேப்டன் லட்சுமி. தற்காலிக அரசின் பிரசார அமைச்சர் எஸ்.ஏ. அய்யரும் தமிழரே.

திரும்பும் வழியும் முடிவும்

யு-180 ஜூன் 3 அன்று அட்லாண்டிக்கில் அசென்ஷன் தீவுக்கு அப்பால் ‘போரிஸ்’ என்ற 5,166 டன் கிரேக்கச் சரக்குக் கப்பலை மூழ்கடித்தது. போஸ் சிங்கப்பூரில் இறங்கிய மறுநாளான ஜூலை 3 அன்று பிரான்சின் போர்தோ துறைமுகத்தை அடைந்தது. மொத்தத்தில் இரண்டு கப்பல்கள், 13,298 டன். அத்துடன் அதன் தாக்குதல் கணக்கு முடிந்தது.

அதன்பின் அந்த ஆறு என்ஜின்களையும் கழற்றிவிட்டு, மெதுவான இரண்டு டீசல்களைப் பொருத்தினார்கள். டார்பிடோ குழாய்களையும் எடுத்துவிட்டு, சுமார் 250 டன் சரக்கேற்றும் போக்குவரத்துக் கப்பலாக அதை மாற்றினார்கள். நேச நாடுகளின் முற்றுகையால் சாதாரணச் சரக்குக் கப்பல்கள் கிழக்கே போய்வர வழியற்றுப் போன காலம் அது. ரப்பர், வெள்ளீயம், கொய்னா போன்றவற்றை நீர்மூழ்கிகளில்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.

1944 ஆகஸ்ட் 20 அன்று ரோல்ஃப் ரீஸன் தலைமையில் அது கிழக்காசியாவை நோக்கிப் புறப்பட்டது. அந்த மாதம் 23ஆம் தேதி முதல் பிஸ்கே விரிகுடாவில் அது காணாமல் போனதாகக் கணக்கிடப்படுகிறது. கடற்கண்ணியில் சிக்கி மூழ்கியது என்று நெடுங்காலம் கருதப்பட்டது. நீருக்கடியிலும் டீசல் ஓடக் காற்றிழுக்கும் குழாயில் ஏற்பட்ட கோளாறும் காரணமாகச் சொல்லப்படுகிறது. கப்பலில் இருந்த 56 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

ஐ-29 அதற்கு ஒரு மாதம் முன்பே, 1944 ஜூலை 26 அன்று, பிலிப்பைன்சுக்கு வடக்கே அமெரிக்க நீர்மூழ்கி ‘சாஃபிஷ்’ வீசிய டார்பிடோக்களில் மூழ்கியிருந்தது. மிதவையில் எதிர்த்திசையில் வந்த ஜப்பானிய அதிகாரிகளில் ஒருவரான டொமோனாகா ஹிடியோ, 1945 மே மாதம் நாடு திரும்பிக்கொண்டிருந்தபோது ஜெர்மனி சரணடைந்தது. எதிரியிடம் சிக்க விரும்பாமல் அவர் யு-234 கப்பலிலேயே உயிரை மாய்த்துக்கொண்டார். அபித் ஹசன் விடுதலைக்குப் பின் இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்து தூதராக இருந்தார். யு-180இன் இணைக்கப்பலான யு-195 மட்டும் 1944 டிசம்பர் இறுதியில் ஜாவா போய்ச் சேர்ந்தது. ஜெர்மனி வீழ்ந்தபின் அதை ஜப்பானியர் ஐ-506 எனப் பெயர் மாற்றி எடுத்துக்கொண்டனர்.