நம் இல்லங்களில் நூல் நுழைந்த வரலாறு

கல்விச் சங்கம் ஒன்றன் வெள்ளி விழா மலர் என்றால், பள்ளிகள், விடுதிகள், உதவித்தொகை, தேர்ச்சி விழுக்காடு ஆகியவற்றைப் பற்றிய கட்டுரைகள் அதில் இடம்பெறுவது இயல்பு. அவை வேண்டியவையே. ஆயினும் அவற்றுக்கிடையே எவரும் எழுதாது விடும் செய்தி ஒன்றுண்டு. பள்ளியை விட்டு வீடு திரும்பிய பின், தேர்வுக்காக அன்றித் தம் விருப்பத்துக்காக நம் மக்கள் எதைப் படித்தனர், யாருக்குப் படித்துக் காட்டினர் என்பதே அது. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் ஆதிதிராவிடர், அருந்ததியர் குடும்பங்களை மனத்திற் கொண்டு அவ்வரலாற்றை ஈண்டு எழுத முற்படுகின்றேன்.

நம் வீடுகளில் நூல் என்பதே இருந்ததில்லை, துரைமார் பள்ளி திறந்த பின்னரே எழுத்து நம்மை வந்தடைந்தது என்று நம்மவரே சிலர் மேடைகளிற் பேசக் கேட்கின்றோம். இது முழு உண்மை அன்று. அயோத்திதாசப் பண்டிதரின் பாட்டனார் கந்தப்பன் என்பவர், ஆரிங்டன் என்னும் ஆங்கில அதிகாரியிடம் பட்லராகப் பணிபுரிந்தவர். தம் வீட்டிலிருந்த திருக்குறள், நாலடி நானூறு ஆகியவற்றின் ஓலைச்சுவடிகளை அவ்வதிகாரி வழியாக எல்லிஸ் துரையிடம் அவர் சேர்ப்பித்தார் என்று பண்டிதரே எழுதியுள்ளார். திருக்குறள் முதன்முதலாக அச்சேறியது 1812இல். ஓலைச்சுவடி என்பது பெட்டியிற் பூட்டி வைத்தால் தானே நிலைக்கும் பொருள் அன்று. எண்ணெய் தடவ வேண்டும். பூச்சி அரிக்காமற் காக்க வேண்டும். ஏடு நைந்தபோது புதிய ஓலையிற் படியெடுக்க வேண்டும். படிப்பவர் இல்லாத வீட்டிற் சுவடி இரண்டு தலைமுறை தாங்காது. ஆகவே கந்தப்பன் வீட்டில் இருந்தது வெறும் சுவடி அன்று, வழிவழியாக வந்த வாசிப்பு என்று கொள்வதே பொருந்தும்.

எல்லா வீடும் கந்தப்பன் வீடாக இருந்ததில்லை என்பதையும் மறைக்காமற் சொல்ல வேண்டும். நம் சமவெளியின் நிலைமை வேறு. கிணற்றில் கவலை கட்டி இறைத்த காலத்தில், தோலாலான பறியைத் தைத்துக் கொடுத்தவர்கள் அருந்ததியர். தலைமுறை தலைமுறையாக ஒரு பண்ணையத்தோடு ஒரு குடும்பம் பிணைக்கப்பட்டிருந்தது. கூலி ஆண்டுக்கு இத்தனை தானியம் என்று அளக்கப்பட்டது. ஆண்பிள்ளைக்கு ஏழெட்டு வயதானால் ஆடு மேய்க்க அனுப்புவர். பெற்ற கடனுக்கு ஈடாகப் பிள்ளையையே விடுவதும் உண்டு. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்த பின்னரும் இவ்வழக்கம் உடனே மறைந்துவிடவில்லை. இத்தகைய வாழ்வில் நூலுக்கு இடம் ஏது? விளக்குக்கு எண்ணெய் வாங்கவே முடியாத வீட்டில் ஏடு எதற்கு?

எனினும் கேள்விச் செல்வம் அவ்வீடுகளில் குறையவில்லை. தெருக்கூத்திற் பாரதக் கதை. உடுக்கைப் பாட்டில் அண்ணன்மார் கதை. இவற்றோடு மதுரைவீரன் கதை. விடிய விடியக் கேட்டுக் கேட்டு, எழுத்தறியாத தாய்மாரும் அக்கதைகளை அடி பிறழாமல் அறிந்திருந்தனர். இதன் பயன் பிற்காலத்தில் விளைந்தது. சந்தையிலும் திருவிழாக் கடையிலும் விற்ற 'பெரிய எழுத்து' நூல்களை வாங்கி வந்து, பள்ளி செல்லும் பிள்ளை திண்ணையில் அமர்ந்து படித்தபோது, கேட்டிருந்த பாட்டிக்குக் கதை முன்பே தெரியும். பிள்ளை தடுமாறிய இடத்தில் அடுத்த சொல்லை அவளே எடுத்துக் கொடுப்பாள். கூட்டெழுத்தைப் பிரித்துப் படிக்கத் தெரியாது விழித்த பிள்ளைக்கு அடியோ வசையோ கிடைக்கவில்லை. கதையின் சொல் கிடைத்தது. எழுத்துப் பெரிதாக அச்சிடப்பட்டதற்கும் காரணம் உண்டு. மண்ணெண்ணெய் விளக்கின் மங்கிய ஒளியிற் படிப்போருக்கும், புதிதாக எழுத்துக் கற்றோருக்கும் அவை ஏற்றனவாயின. அறிஞர்கள் அந்நூல்களைத் தாழ்வாகக் கருதினர். அவர்கள் கருதியிருக்கட்டும். நம் தெருக்களில் எழுத்தை இன்பமாக்கியவை அவையே என்பது என் துணிபு.

கதைநூலுக்கும் முன்னதாக வீட்டில் நுழைந்த எழுத்து ஒன்றிருந்தது, அது கடிதம். பஞ்சத்திற்கும் பண்ணையத்திற்கும் அஞ்சிச் சேலம் மாவட்டத்திலிருந்து இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்கும், மலேயாவுக்கும், கோலார் தங்கவயலுக்கும் சென்றோர் மிகப் பலர். அங்கிருந்து வரும் கடிதத்தைப் படிக்கத் தெரிந்த பிள்ளை தெருவுக்கே வேண்டியவன் ஆனான். ஒரே கடிதத்தை ஒரு தாய் நான்கு முறை படிக்கச் சொல்லிக் கேட்பாள். நான்காம் முறை படிக்கையில் பிள்ளையின் நாவிலும் அழுத்தம் திருத்தம் தானே வந்துவிடும்.

இந்தக் கோலார்த் தொடர்பு நம் வரலாற்றில் இன்னொரு வகையாலும் சிறப்புடையது. இரட்டைமலை சீனிவாசன் 1893இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். அதன்பின் அயோத்திதாசர் 1907 சூன் 19, புதன்கிழமை, சென்னை இராயப்பேட்டையிலிருந்து 'ஒரு பைசாத் தமிழன்' என்னும் கிழமை இதழை வெளியிட்டார். மறு ஆண்டில் அது 'தமிழன்' எனப் பெயர் மாறிற்று. விலையையே பெயராக வைத்த துணிவைக் கவனிக்க வேண்டும். உழைப்பவன் வாங்கக்கூடிய விலை என்பதைத் தலைப்பிலேயே அறிவித்த இதழ் அது. பண்டிதர் தோற்றுவித்த சாக்கிய பௌத்த சங்கத்தின் கிளைகள் கோலார் தங்கவயலிலும் திருப்பத்தூரிலும் இயங்கின. திருப்பத்தூர் 1911 வரை சேலம் மாவட்டத்தைச் சேர்ந்தது என்பதை இன்றைய இளைஞர் பலர் அறியார். ஆகவே 'தமிழன்' நமக்கு அயலூர் இதழ் அன்று.

அவ்விதழில் அரசியல், பௌத்தம், சித்த மருத்துவம், சாதியின் பிறப்பு ஆகியவற்றோடு ஆத்திசூடிக்கும் கொன்றைவேந்தனுக்கும் திருக்குறளுக்கும் பண்டிதர் தம் நோக்கில் உரை எழுதி வந்தார். இதை நாம் போதிய அளவு எண்ணிப் பார்த்ததில்லை. ஆத்திசூடி குழந்தையின் முதற் பாடம். குழந்தை ஒப்பிக்கும் அதே வரிகளுக்குப் புதிய பொருளைத் தந்தை இதழிற் படிக்கிறார். ஒரே வீட்டில் பிள்ளையின் பாடமும் பெரியவரின் இதழும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டன. பிள்ளைக்கு ஒரு நூல், பெரியவருக்கு ஒரு நூல், இருவருக்கும் இடையே பேச்சில்லை என்னும் இன்றைய நிலை அன்று இருந்திராது.

வடபுலத்திலும் இதற்கு இணையான இல்லம் ஒன்றுண்டு. அண்ணல் அம்பேத்கரின் தந்தையார் இராம்ஜி சக்பால் படையிற் சுபேதாராக இருந்தவர், கபீர் நெறியினர். பிள்ளைகள் இதிகாசங்களைப் படிக்க வேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். நம்மைத் தாழ்த்தும் இந்நூல்களை ஏன் படிக்கச் சொல்கிறீர்கள் என்று மகன் கேட்டார். தந்தை விடை சொன்னார். அவ்விடை மகனுக்கு நிறைவளிக்கவில்லை. இவற்றையெல்லாம் 1956இல் 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு எழுதிய முன்னுரையில் அண்ணலே குறித்துள்ளார். வற்புறுத்தல் அங்கேயும் இருந்தது. ஆனால் எதிர்த்துக் கேட்க இடமும் இருந்தது. நான்காம் ஆங்கில வகுப்புத் தேறியதற்காக நடந்த பாராட்டுக் கூட்டத்திற் கேளுஸ்கர் பரிசாக அளித்த புத்தர் வரலாறு, பாடநூல் அன்று. அந்நூல் அவரை எங்குக் கொண்டு சென்றது என்பதை நாடறியும்.

விடுதலைக்குப் பின் வந்த காலத்தைச் சுருக்கமாகவே சொல்லலாம். 1948ஆம் ஆண்டின் சென்னைப் பொது நூலகச் சட்டம், இரங்கநாதன் அவர்களின் முயற்சியால் விளைந்தது. இத்துறையில் இந்நாட்டிலேயே முன்னோடிச் சட்டம் எனத் தகும். ஆயினும் நூலகமும் படிப்பகமும் பெரும்பாலும் ஊர்த் தெருவில் அமைந்தன, சேரியில் அமையவில்லை. தேநீர்க் கடையில் தனிக் குவளை வைத்திருந்த ஊரில், படிப்பகத்துப் பலகையில் உட்கார நம் பிள்ளைகள் தயங்கியதில் வியப்பில்லை. அப்பிள்ளைகளுக்கு வேறு நூலகங்கள் வாய்த்தன. சேலத்து மாடர்ன் தியேட்டர்சு படங்களுக்கு விற்ற பாட்டுப் புத்தகம் ஒன்று. 1942இல் மதுரையில் தொடங்கிய 'தினத்தந்தி' மற்றொன்று. அதில் 1960 முதல் வந்த 'கன்னித்தீவு' படக்கதையைப் பார்த்தே எழுத்துக் கூட்டக் கற்றோர் உளர். 'அம்புலிமாமா'வும், 1972இல் தொடங்கிய 'முத்து காமிக்சு'ம் ஆதிதிராவிடர் நல விடுதிகளில் அட்டை கிழியும் வரை கைமாறின. விடுதிக் காப்பாளர் கண்டால் பறித்துக்கொள்வார். அது பாடத்தைக் கெடுக்கும் என்பது அக்காலக் கருத்து. பறித்ததை அவர் தாமே படித்ததும் உண்டு என்று சொல்வார்கள்.

இனி இன்றைய நிலை. தமிழகப் பட்டியலினத்தாருள் எழுதப் படிக்கத் தெரிந்தோர் 2001 கணக்கெடுப்பில் நூற்றுக்கு 63 பேர். 2011இல் 73 பேர். பெரிய ஏற்றம்தான். ஆனால் 1997 முதல் தனி மாவட்டமாக இயங்கும் நாமக்கல், அதே காலத்தில் கோழிப் பண்ணைக்கும் உண்டு உறைவிடப் பள்ளிக்கும் பெயர் பெற்றது. மதிப்பெண் ஒன்றையே இலக்காக்கிய அப்பள்ளிகளைப் 'பிராய்லர் பள்ளி' என்று மக்களே பெயரிட்டழைத்தனர். பொதுத் தேர்வில் மாநில முதலிடம் அறிவிக்கும் முறையை அரசு 2017இல் நிறுத்திய பின்னும் அம்மனப்பாங்கு மாறவில்லை. கடன் வாங்கியேனும் பிள்ளையை அங்குச் சேர்க்க நம் பெற்றோரும் முனைகின்றனர். அவர்களைக் குறை கூற எனக்கு மனம் வரவில்லை. பண்ணையத்திலிருந்து மீள மதிப்பெண்ணைத் தவிர வேறு ஏணி அவர்களுக்குக் காட்டப்படவில்லை. விளைவு யாது? தேர்வு முடிந்த மறுவாரம் நூல்கள் அனைத்தும் பழைய தாள் வாங்கும் கடையில் எடைக்குப் போகின்றன. பட்டம் பெற்றவர் வாழும் வீட்டில், நாட்காட்டியைத் தவிர அச்சிட்ட தாள் வேறொன்றும் காணப்படாமையை நம் தெருக்களிலேயே பார்க்கலாம்.

பள்ளிக் கல்வித்துறை 2023இல் 'வாசிப்பு இயக்கம்' என்ற பெயரில் 'நுழை, நட, ஓடு, பற' எனப் படிநிலை வகுத்துச் சிறு நூல்களை வெளியிட்டது. தேர்வில்லாத நூல்கள் அவை. அவற்றைப் பிள்ளைகள் வீட்டிற்கு எடுத்துச் சென்று பாட்டிக்குப் படித்துக் காட்டுமாறு நம் சங்கத்தின் மாலை வகுப்புகள் செய்யலாம். படித்ததிலிருந்து வினாக் கேட்காதிருப்பது நலம். கேள்வி கேட்பது பாட்டியின் உரிமை, அவள் கேட்பாள்.

அயோத்திதாசர் 1914இல் மறைந்தார். பின்னர்க் கோலார் தங்கவயலிலிருந்து சில ஆண்டுகள் வெளிவந்த 'தமிழன்' அதன்பின் நின்றது. அரசு நூலகம் எதுவும் அதைத் தேடிச் சேர்த்து வைத்துப் போற்றியதாகச் சொல்வதற்கில்லை. ஞான. அலாய்சியசு 1999இல் பாளையங்கோட்டையிலிருந்து 'அயோத்திதாசர் சிந்தனைகள்' தொகுதிகளை வெளிக்கொணர முடிந்ததென்றால், அதற்கு அன்பு பொன்னோவியம் போன்றோர் அவ்விதழ்களைத் தம் பொறுப்பிற் பேணி வைத்திருந்ததே காரணம். ஒரு பைசா விலையுள்ள தாள். அது எடைக்குப் போடப்படவில்லை.