கத்தியில் மறைந்த பெயர்

இரண்டாம் உலகப்போர்க் கால ஜெர்மானியத் துப்பாக்கிமுனைக் கத்திகளைச் சேகரிப்போர் முதலில் நோக்குவது, அலகின் அடியில் பொறிக்கப்பட்ட உற்பத்தியாளர் குறியையே. அதன் வடிவமே காலத்தைச் சொல்லிவிடும்.

1930களின் நடுவில் ‘எஸ்’ என்னும் எழுத்தும் ஓர் எண்ணும் நிறுவனத்தைக் குறித்தன. ஆண்டும் எழுத்தில் மறைந்தது: ‘கே’ எனில் 1934, ‘ஜி’ எனில் 1935. வெர்சாய் உடன்படிக்கையை மீறிய ஆயுதப் பெருக்கத்தை மறைப்பதே இதன் நோக்கம். பின்னர்ச் சில ஆண்டுகள் நிறுவனப் பெயர்கள் வெளிப்படையாகப் பொறிக்கப்பட்டன. 1940 முதல் மூன்று சிறிய எழுத்துகள் அவற்றின் இடத்தைப் பிடித்தன. ‘சி-ஓ-எஃப்’ என்பது சோலிங்கன் நகரின் கார்ல் ஐக்ஹார்ன். ‘எஃப்-என்-ஜே’ அதே நகரின் அலெக்சாண்டர் கொப்பல். குறிக்கும் பெயருக்கும் ஒலித்தொடர்பு ஏதுமில்லை. பட்டியல் கையில் இல்லாதவரிடம் குறி பேசாது.

சேகரிப்பாளரின் வகைப்பாடு இத்துடன் நிறைவுறுகிறது, வரலாறு நிறைவுறுவதில்லை. கொப்பல் நிறுவனம் ஒரு யூதக் குடும்பத்துக்கு உரியது. நாஜி ஆட்சியில் அது அவர்களிடமிருந்து பறிக்கப்பட்டது. பெயர் மட்டும் எஞ்சியது. நிறுவனரின் பெயரையே தாங்கிய வழித்தோன்றல் அலெக்சாண்டர் கொப்பல், 1942இல் தெரேசியன்ஷ்டாட் முகாமில் இறந்தார். அவர் பெயருக்கு ஈடான மூன்று எழுத்துகளோ, அவரை அங்கு அனுப்பிய அரசின் படைக்கலங்களில் பொறிக்கப்பட்டிருந்தன. ‘எஃப்-என்-ஜே’ என்னும் குறியை நிறுவனப் பெயராக மட்டும் விரித்துப் படிப்பது, அது மறைத்ததில் பாதியையே படிப்பதாகும்.